தம்பிக்கு அனுப்பிய குரல்

பிள்ளைகளே, போன மாரிப் போகத்தில் நம் வயலில் பயிர் நுனி கருகியபோது நீங்கள் இருவரும் பரீட்சைப் படிப்பில் இருந்தீர்கள். உங்களைக் குழப்பக் கூடாது என்று வீட்டில் உங்கள் உம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதனால் உங்களுக்குத் தெரிந்தது பாதிக் கதை. மற்றப் பாதியைச் சின்ன மாமா தன் கடைக்கு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, இப்போது அந்தக் கதையில் ஒரு ரயில் நம் வயலுக்குள்ளேயே ஓடுகிறது.

மூத்தவள் ஒருநாள் கேட்டாள்: "வாப்பா, அந்த மிஸ் அப்படி என்னத்தச் செஞ்சாங்க? கேள்விதானே கேட்டாங்க?"

ஓம் மகள், கேள்விதான் கேட்டார். ஆனால் அதை நான் வாயால் சொல்லத் தொடங்கினால் நடுவில் யாராவது தேத்தண்ணீர் கேட்பார்கள், கதை அறுந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். விஷயத்தில் கை வைக்காதீர்கள், அது நான் நின்று பார்த்தது.

நம் வயல் உம்மாவுக்குச் சீதனமாக வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாருடைய வயலும் சேர்ந்த வட்டையின் ஆகக் கடைசியில் கிடக்கிறது. வாய்க்கால் தண்ணீர் எல்லாருடைய வயலையும் விசாரித்துவிட்டுத்தான் நம்மிடம் வரும். சில வேளை வராமலே விட்டுவிடும். நமக்குப் பின்னால் வடிச்சல் வாய்க்கால். வயல்களில் மிஞ்சுகிற தண்ணீர் அதற்குள் வடிந்து, ஆற்றுக்குப் போய், முகத்துவாரத்தால் கடலில் சேரும். கோடையில் முகத்துவாரத்தைக் கடல் மணலால் மூடிவிடும். மாரியில் வெள்ளம் ஏறினால் அந்த மணல்மேட்டை வெட்டித்தான் வயலைக் காப்பாற்ற வேண்டும். போன மாரியிலும் வெட்டினார்கள். வெள்ளம் வடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. மேட்டு வயல்காரர்கள் இருந்த தண்ணீரை வரம்பு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். கடைசிக் கண்டத்துக்காரர்கள் நாங்கள், மழை ஏமாற்றினால் வழக்கமாகச் செய்வதைச் செய்தோம். வடிச்சலில் பம்பைப் போட்டு இறைத்தோம். இறைக்குமுன் நான் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்தான்.

அதற்குப் பிறகு இலை நுனி வெளுத்தது. வெளுத்த நுனி கருகியது. பள்ளமான இடங்களில் பயிர் வட்டம் வட்டமாகக் குறுகி, சிவந்து நின்றது. அந்த வயல் நெல்தான் நம் வருஷச் சோறு. சோற்றுக்குப் போக மிஞ்சுவதுதான் உங்கள் இருவருடைய படிப்பு. நான் வரம்பில் நின்று அந்த வட்டங்களைப் பார்த்தபோது பயிராகத் தெரியவில்லை. உங்கள் இரண்டு பேருடைய முகமும்தான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஃபோனில் ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவர் உங்கள் சின்ன மாமா. பேசியது வேறு யாரோ ஒரு மனிதர், நல்ல கனமான குரல், வயலில் நின்று பேசுகிற மாதிரிக் காற்றுச் சத்தம். "தம்பி, வேளாண்மைப் பயிர் நுனி கருகி வட்டம் வட்டமாப் போகுது. இது அறக்கொட்டியான்தான். இனிப் பார்த்துக்கிட்டு நிக்கேலா." பிறகு ஒரு மருந்தின் பெயர், டேங்குக்கு எத்தனை மூடி என்ற கணக்கு. "இண்டைக்கே அடி. நாளைக்கு எண்டு இரிந்தா உனக்கு வைக்கோல்தான் மிஞ்சும், தம்பி."

அறக்கொட்டியான் என்பது பயிரின் அடித்தூரில் இருந்து சாறு குடிக்கும் சிறிய பூச்சி. அதன் பெயரைக் கேட்டாலே வயல்காரன் மருந்துக் கடைக்கு ஓடுவான். அந்த மனிதர் "தம்பி" என்று கூப்பிட்ட கூப்பிடுதலில் வட்டையில் இருந்த எல்லாரும் அவருக்குத் தம்பியாகிவிட்டோம். அன்று மாலைக்குள் அந்தக் குரல் வராத ஃபோன் இல்லை. மருந்தடிக்கிற ஆட்களைச் சனிக்கிழமைக்குக் கூப்பிடுவது என்று வட்டவிதானையார் முடிவெடுத்தார். வட்டையின் தண்ணீரைப் பார்ப்பதற்கு நாங்களே தெரிந்தெடுத்த மனிதர் அவர். அவர் சொன்னால் சொன்னதுதான். நானும் கல்முனைக்குப் போய் அந்தப் போத்தலை வாங்கி வந்து, வயலில் காவலுக்குக் கட்டிய வாடிக்குள் வைத்தேன்.

புதன்கிழமை விவசாயப் போதனாசிரியர் வந்தார். காரைதீவுப் பக்கத்துப் பிள்ளை, நம் பகுதிக்கு வந்து அதிக காலம் இல்லை. எல்லாருக்கும் அவர் மிஸ். நாங்கள் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"கடையில கேட்டன், காக்கா," என்றார், சொந்த அண்ணனைக் கூப்பிடுவது போல. "நான் கிழமைக்கு ஒருக்கா கல்முனையில மருந்துக் கடைகளுக்குப் போறது. என்ன போத்தல் முடிஞ்சிருக்கு எண்டு கேப்பன். வயல்ல என்ன நோய் வருத்தம் எண்டு அதால தெரியாது. வயல்காரருக்கு என்ன பயம் எண்டு தெரியும். இந்தக் கிழமை ஒரே மருந்து, ஒரே வட்டைக்குப் போயிருக்கு."

மருந்து விற்கிறவரிடம் போய் ஓர் உத்தியோகத்தர் மருந்து வாங்காமல் செய்தி வாங்குவார் என்று நான் அதற்குமுன் நினைத்ததில்லை.

வட்டவிதானையாரும் இன்னும் சிலரும் வரம்பில் கூடிவிட்டார்கள்.

"மிஸ், சுறுக்காச் சொல்லுங்க," என்றார் வட்டவிதானையார். "இந்த மருந்து நல்லமா, இல்லாட்டி வேறயா?"

மிஸ் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வயலுக்குள் இறங்கினார். ஓர் இலையை அடியிலிருந்து நுனிவரை விரலால் நீவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "எனக்கு இன்னும் தெரியா," என்றார்.

"என்ன?"

"இது என்ன வருத்தமெண்டு எனக்குத் தெரியா. பார்த்துத்தான் சொல்ல வேணும்."

பின்னால் நின்ற ஒருவர் சிரித்தார். "தெரியா எண்டு சொல்றதுக்கு இவ்வளவு தூரம் பெற்றோல் எரிச்சிக்கிட்டு வரணுமா? அத எங்கட மாடே சொல்லுமே!"

"மாடு வேற என்ன சொன்னதெண்டும் சொல்லுங்க," என்றார் மிஸ், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "எனக்கு ஆரு சொன்னாலும் நல்லம்."

எல்லாரும் சிரித்துவிட்டோம். கேலி செய்தவரும் சிரித்தார். ஆனால் என் நெஞ்சுக்குள் அந்தத் "தெரியா" ஒரு கல்லைப் போல விழுந்தது. படித்தவர் வந்தால் பெயர் சொல்லுவார், மருந்து சொல்லுவார், நான் வீட்டுக்குப் போய் உம்மாவுக்குச் சொல்லுவேன் என்றிருந்தேன். இப்போது யோசிக்கும்போது, அத்தனை ஆண்களுக்கு நடுவில், இளம் பிள்ளை, புது இடம், அந்தச் சொல்லைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. பயந்தேன்.

"அந்த வொய்ஸ எனக்கும் போட்டுக் காட்டுங்க," என்றார்.

போட்டோம். கேட்டார். ஃபோனைக் கையில் வாங்கி, காதோடு வைத்துத் திரும்பக் கேட்டார்.

"ஆரு இந்த மனிசன்?"

ஒருவர் சம்மாந்துறைக்காரர் என்றார். இன்னொருவர் இல்லை, நிந்தவூர் என்றார். "ஆளத் தெரியா மிஸ். ஆனா குரல்ல அனுபவம் இரிக்கி," என்றார் வட்டவிதானையார்.

"ஓம், இருக்கு," என்றார் மிஸ். "கடைசியில ஒரு சத்தமும் இருக்கு. கேளுங்க."

ஃபோனை உயர்த்திப் பிடித்தார். "வைக்கோல்தான் மிஞ்சும், தம்பி" என்பதற்குப் பின்னால், தூரத்தில், ஓர் ஊதல். நீண்ட ஊதல்.

"லொறி ஹோர்ன்," என்றார் ஒருவர்.

மிஸ் மறுபடியும் போட்டார். ஊதலுக்குப் பின்னால் தடக் தடக் என்று ஒரு சத்தம் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"லொறிக்கு இவ்வளவு நீளமான வாலா? கல்முனையில ரயில் எங்க ஓடுது, காக்கா?"

நம் கரையில் ரயில் கிடையாது. பிள்ளைகளுக்கு ரயில் காட்டுவதென்றால் மட்டக்களப்புக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்தக் குரலை நான் அத்தனை தடவை கேட்டிருக்கிறேன். மருந்தின் பெயர் மனப்பாடம். மூடிக் கணக்கு மனப்பாடம். ரயில் மட்டும் என் காதில் விழவில்லை.

"அவர் பொய் சொல்றாரு எண்டு நான் சொல்லல்ல," என்றார் மிஸ். "அவர் வேற வயல்ல நிக்கிறாரு. அந்த வயல்ல அவர் என்னத்தப் பார்த்தாரு எண்டு கேக்க வேணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியுமட்டும் எனக்கு நேரம் தாங்க."

"மிஸ், உங்களுக்கு மாசம் முடிஞ்சா சம்பளம் வரும்," என்றார் வட்டவிதானையார். "எங்களுக்கு இது போனா அடுத்த போகம்வரைக்கும் வாயில விரல்தான்."

"தெரியும். அதாலதான் கேக்கிறன். பிழையான மருந்த அடிச்சா சிலந்தியெல்லாம் செத்துப் போகும். மறுகா உண்மையான அறக்கொட்டியான் வந்தா அதத் தின்றதுக்கு ஆளிருக்காது. நாமளே பாய் விரிச்சுக் கூப்பிட்ட மாதிரி."

வட்டவிதானையார் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "ஜும்ஆவரைக்கும்," என்றார்.

அங்கிருந்து நேராக நாங்கள் இருவரும் கல்முனை பஸாருக்குப் போனோம். எனக்கு அனுப்பியவர் சின்ன மாமா, ஆகவே முதல் வீடு அவருடைய ஃபோன் கடை. அவர் பயந்துபோனார்.

"நன்மைக்குத்தானே மச்சான் அனுப்பின! 'மிக அவசரம்' எண்டு மேல எழுதினதும் நான்தான். அது குற்றமா?"

"குற்றமில்ல. உங்களுக்கு ஆரு அனுப்பின?" என்று மிஸ் கேட்டார்.

"கட்டார்ல இரிக்கிற கூட்டாளி."

"அவர் வயல் செய்றாரா?"

"அவன் அங்க ஏசி பூட்டுறான்."

மிஸ் சிரிக்கவில்லை. அங்கேயே நின்றுகொண்டு கட்டாருக்குக் கதைத்தார். அந்தப் பிள்ளைக்கு வேலை நேரம். இருந்தாலும் எடுத்தான். தன் அறையில் இருக்கும் பொலன்னறுவைப் பக்கத்துப் பொடியன் ஒருவனுடைய மாமாதான் அந்தக் குரல் என்று சொன்னான். நம் வயலுக்கு மருந்து சொன்ன குரல் ரயில் ஓடும் பொலன்னறுவையிலிருந்து புறப்பட்டு, பாலைவனத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பிக் கல்முனைக்கு வந்திருக்கிறது. அது வந்த வழியே மிஸ் ஒவ்வொருவராகப் பின்னுக்கு நடந்தார். யாரையும் ஏசவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான்: உங்களுக்கு யார் தந்தார், அப்போது அவர் என்ன சொல்லித் தந்தார்?

அந்த மனிதரின் இலக்கம் கிடைத்ததும் நம் வீட்டு விறாந்தையில் இருந்துதான் பேசினோம். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தா. மிஸ் தன்னை அறிமுகப்படுத்தியதும் அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரலில், "பொலிஸா?" என்று வந்தது.

"இல்ல, விவசாயக் கந்தோர். உங்கட வொய்ஸ் எங்கட வட்டைக்கு வந்திருக்கு."

"யா அல்லாஹ்! நான் அத எங்கட தம்பிக்கு அனுப்பின, மிஸ். ஊருக்கு அனுப்பல்ல. அவனுக்கு மருந்துர பேர் மறந்து போச்சு. கடைக்குப் போய் நிண்டுக்கிட்டுக் கேட்டான். அதுக்குத்தான் வொய்ஸ் போட்ட."

"எப்ப?"

"போன கோடையில, சிறுபோகத்தில."

உம்மா கதவுக்குப் பின்னால் "ம்" என்றா.

"நீங்க சொன்னது பிழையில்ல," என்றார் மிஸ். அந்த மனிதரைவிட எனக்குத்தான் அது ஆச்சரியமாக இருந்தது. "நீங்க என்னத்தப் பார்த்திட்டு அறக்கொட்டியான் எண்டு முடிவெடுத்தீங்க? அதச் சொல்லித் தாங்க. அதுதான் எனக்கு வேணும்."

குரலில் பழைய கனம் திரும்பி வந்தது. "பயிர ரெண்டு பக்கமும் விலத்தி அடித்தூரப் பார்த்த மிஸ். கையால ஒரு தட்டுத் தட்டின. தவிடு கொட்டின மாதிரித் தண்ணியில விழுந்திச்சு, பூச்சி. எங்கட விவசாயக் கந்தோர் மிஸ்டருக்கும் காட்டின. அவருதான் மருந்த எழுதித் தந்தாரு."

"இதையெல்லாம் வொய்ஸ்ல சொல்லல்லயே?"

"தம்பிதானே எனக்குப் பக்கத்தில நிண்டு பார்த்தவன்! பார்த்தவனுக்கு என்னத்துக்குச் சொல்ற?"

பிள்ளைகளே, இதை நான் பிறகு பலநாள் நினைத்திருக்கிறேன். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பார்த்தவனுக்குச் சொன்னார். கேட்டவர்கள் நாங்களோ பார்க்காதவர்கள்.

அடுத்தநாள் காலையில் மிஸ்ஸும் நானும் வயலில் இறங்கி, அந்தப் பொலன்னறுவை மனிதர் சொன்னபடியே பயிரை விலத்தி, தட்டி, தண்ணீரைப் பார்த்தோம். கருகிய வட்டத்தில் பார்த்தோம், வட்டத்தின் ஓரத்தில் பார்த்தோம், பச்சையாக நின்ற இடத்தில் பார்த்தோம். சிலந்திகள் ஓடின. ஒரு தவளை என் காலில் ஏறிப் பாய்ந்தது. தவிடு மாதிரி ஒன்றும் விழவில்லை.

"அப்ப என்ன மிஸ்?"

"இப்பவும் தெரியா, காக்கா. ஆனா இது அறக்கொட்டியான் இல்லை எண்டு தெரியும்."

பிறகு வரம்பில் நின்று, நாட்டின் உட்பகுதியில் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கும் ஓர் அதிகாரிக்கு, அவருடைய சேருக்கு, வீடியோவில் அழைத்தார். சிங்களவர், தமிழைக் கவனமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். ஆராய்ச்சிக்காரர் வந்துவிட்டார், இனிப் பதில் வரும் என்று நான் கிட்டப் போய் நின்றேன். வந்தது முழுக்கக் கேள்வி. கிட்ட இருந்து காட்டு, தூர நின்று காட்டு. தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது? வருகிற பக்கத்தில் கருகல் கூடவா, குறைவா? மேட்டில் எப்படி, பள்ளத்தில் எப்படி? பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, நெல்லுக்கு நடுவில புல் இருக்குதானே. அந்தப் புல் எப்படி?"

நான் அதுவரைக்கும் புல்லைப் பார்க்கவே இல்லை. யார் பார்ப்பார்? புல்லைப் பிடுங்கத்தான் பார்ப்போம். குனிந்து பார்த்தேன்.

"அதுவும் கருகித்தான் கிடக்கு, சேர்."

"பூச்சிக்கு நாக்கு இருக்கு ஐயா. அது நெல் தேடித்தான் வரும். நெல்லும் புல்லும் சேர்ந்து கருகினா, நான் தண்ணிய யோசிப்பேன்."

மிஸ் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், வடிச்சலில் இறைத்தோம், ஆனால் வாயில் வைத்துப் பார்த்துத்தான் இறைத்தேன், நல்ல தண்ணீர் என்று.

சேர் அதையும் கேள்வியாகவே திருப்பித் தந்தார். "ஐயா வாயில் வைச்சது மேல் தண்ணி. பம்ப் குடிச்சது எந்தத் தண்ணி?"

மகள், உன் கேள்விக்குப் பதில் இதுதான். இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு மனிதர் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பார். பம்பின் உறிஞ்சு குழாய் வடிச்சலின் அடியில், சேற்றோடு கிடக்கும். மேலே மிதக்க விட்டால் காற்று இழுத்துவிடும் என்று நாங்கள்தான் அதற்குக் கல் கட்டி இறக்குவோம். என் வாய் ஒரு தண்ணீரைக் குடித்தது. என் வயல் வேறொரு தண்ணீரைக் குடித்தது.

மிஸ் ஸ்கூட்டியில் இருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்தார். கழுத்தில் கயிறு, அடியில் கல். வாய்க்கு ஒரு கார்க், கார்க்குக்கு இன்னொரு கயிறு. போத்தலை வடிச்சலின் அடிவரைக்கும் இறக்கிவிட்டு, கார்க்கின் கயிற்றை இழுத்து அங்கேயே திறந்தார். குமிழி வந்தது. மேலே எடுத்தார். இன்னொரு போத்தலில் மேல் தண்ணீரை அள்ளினார். பேனையைப் போன்ற, உப்பு அளக்கும் ஒரு சின்ன மீற்றரை முதலில் மேல் தண்ணீரில் வைத்தார். எண் அசையாமல் சிறியதாக நின்றது. அடித் தண்ணீரில் வைத்ததும் எண் தாவித் தாவி ஏறியது.

அந்த நேரம் வட்டவிதானையாரும் வந்து சேர்ந்தார். மீற்றரை நம்ப மாட்டேன் என்ற முகம். மிஸ் ஒன்றும் சொல்லாமல் அடித் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அவர் விரலை விட்டு நாக்கில் வைத்தார். உடனே திரும்பித் துப்பினார்.

"கடல்!" என்றார். "முகத்துவாரத்த வெட்டினது வெள்ளம் போறதுக்கு. போன வழியால கடல் வந்திட்டு. அது எங்கட காலடியில படுத்துக் கிடக்கு, நாம அறக்கொட்டியானத் தேடிக்கிட்டு நிக்கிறம்!"

உப்புத் தண்ணீர் பாரமானது, நல்ல தண்ணீருக்குக் கீழே படுத்துக்கொண்டு வடிச்சலால் மேலே ஊர்ந்து வரும் என்று மிஸ் விளக்கினார். எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது போல இருந்தது. ஆனால் அவருக்கு முடியவில்லை. வடிச்சலில் உப்பு இருந்தால் மட்டும் போதாதாம், அது வயலுக்குள்ளும் இருக்க வேண்டுமாம். வெயிலில் வரம்பு வரம்பாக நடந்தார். பம்பு போட்ட வயல், போடாத வயல், ஒவ்வொன்றிலும் மீற்றரை வைத்தார். கருகல் எந்த வரம்போடு முடிந்ததோ அந்த வரம்போடு எண்ணும் இறங்கியது. அதைப் பார்த்த பிறகுதான், "இப்ப சொல்லலாம்," என்றார்.

செய்ய வேண்டியது மருந்து இல்லை. நல்ல தண்ணீர். வாய்க்கால் தண்ணீரை விட்டு நிரப்பி, உப்பை எடுத்துக்கொண்டு அது வடிய விட்டு, மறுபடி நிரப்ப வேண்டும். அதற்கு மேட்டு வயல்காரர்கள் தங்கள் முறைத் தண்ணீரில் விட்டுத்தர வேண்டும். அவர்கள் கேட்பார்களா என்று நான் வட்டவிதானையாரைப் பார்த்தேன்.

"மிஸ், நீங்களும் ஒரு வொய்ஸ் போடுங்க," என்றார் அவர். "அந்த ரயில்காரர்ர மாதிரி, பயம் வாற மாதிரி."

"பயம் வாற மாதிரி எனக்குப் போடத் தெரியா," என்றார் மிஸ். வாடிக்குள் இருந்துகொண்டு பேசினார், அழித்தார், பேசினார். தன் பெயரைச் சொன்னார், தான் வேலை செய்யும் கந்தோரைச் சொன்னார். எந்த வட்டை, எந்தக் கண்டம், பயிருக்கு என்ன வயது, இன்றைக்கு என்ன திகதி என்று சொன்னார். யார் யார் நின்று பார்த்தார்கள், என்னத்தைப் பார்த்தார்கள் என்று சொன்னார். வேறு வட்டைக்காரர் இதைக் கேட்டால் இதன்படி செய்ய வேண்டாம், தன்னைக் கூப்பிடுங்கள் என்றும் சொன்னார். பிறகு ஃபோனை என்னிடம் தந்தார்.

"காக்கா, நீங்க இந்த வயலக் காணாத ஆள் எண்டு நினைச்சுக்கொண்டு கேளுங்க. எது விளங்கல்ல?"

கேட்டேன். அடித் தண்ணீர் என்பது காணாதவனுக்கு விளங்காது என்றேன். உடனே அழித்துவிட்டு, போத்தலை இறக்கிய விதத்தையும் சேர்த்து முதலிலிருந்து பேசினார். ஆராய்ச்சி சேருக்கு நான் பதில் சொன்னேன், மிஸ்ஸுக்கு நான் திருத்தம் சொன்னேன். பிள்ளைகளே, என் வாழ்க்கையில் படித்த இரண்டு பேர் ஒரே நாளில் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் மேட்டு வயல்காரர்கள் கூடி நின்று அந்தக் குரலைக் கேட்டார்கள். ஒருவர் முணுமுணுத்தார். இன்னொருவர், "உப்பு இண்டைக்குக் கடைசிக் கண்டத்தில நிக்கிது, நாளைக்கு எங்கட வரம்புக்கும் வரும்," என்றார். தண்ணீர் வந்தது. சனிக்கிழமை மருந்தடிக்க வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பள்ளமான மூலையில் பயிர் போனது போனதுதான், அது திரும்பவில்லை. மற்ற இடமெல்லாம் குருத்து பச்சையாக வந்தது. முதல் பச்சைக் குருத்தைக் கண்ட அன்று நான் வரம்பில் உட்கார்ந்துவிட்டேன். உம்மாவுக்கு ஃபோன் எடுத்து, "குருத்து..." என்று தொடங்கினேன். "தெரியும், தெரியும், வெயிலுக்குள்ள நிக்காம வீட்ட வாங்க," என்றா.

அதற்குப் பிறகு மிஸ் செய்த இரண்டு காரியம் யாருக்கும் தெரியாது. ஒன்று, நம் வடிச்சலின் கதையைத் தங்கள் ஆட்களுக்குச் சொல்லலாமா என்று என்னையே அழைத்து அனுமதி கேட்கும்படி சேரிடம் சொன்னார். என் வடிச்சலா என்ன, அல்லாஹ்வுடைய கடல். இருந்தாலும் சேர் கேட்டார். மற்றது, பொலன்னறுவை மனிதருக்கு அவரே அழைத்து, நாங்கள் கண்டதைச் சொன்னார்.

"அவருக்கு என்னத்துக்கு மிஸ்?" என்று கேட்டேன்.

"அவருக்கிட்ட எடுத்தம்தானே காக்கா. திருப்பிக் குடுக்க வேணாமா?"

அந்த மனிதர் பெரிய மூச்சு விட்டது எனக்கும் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ்! என்ர வாயால ஒரு ஊர்ர வயல் பாழாப் போச்செண்டு நான் நித்திரையே கொள்ளல்ல மிஸ்."

கதிர் முற்றி வந்த காலத்தில் ஒருநாள் பின்னேர அஸர் தொழுதுவிட்டு வயலுக்குப் போனேன். வடிச்சலின் அடுத்த கரையில், வேறு வட்டைக்காரர் யாரோ பம்பு வைக்கக் கம்பு நட்டு, குழாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாளைக்கு இறைக்கப் போகிறார்கள். ஆளைத் தெரியாது, இலக்கமும் இல்லை. முகத்துவாரம் இன்னும் திறந்துதான் கிடந்தது. முதலில் ஒரு துணியைக் கிழித்து அந்தக் கம்பில் கட்டினேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். காணாதவனுக்கு அது வெறும் துணி. அவிழ்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, கேற்றுக்குப் பூசி மிஞ்சிய பெயின்றையும் ஒரு பலகைத் துண்டையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். பலகையை மடியில் வைத்து எழுதினேன்: 'மேல் தண்ணீர் நல்லது. அடித் தண்ணீர் உப்பு. முகத்துவாரம் திறந்து கிடக்கிறது. நான் இந்த மாரியில் இதில் இறைத்து என் பயிர் கருகியது. போத்தலில் கல் கட்டி அடியில் எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள்.' அன்றைய திகதியை எழுதினேன். கீழே என் பெயரையும் ஃபோன் இலக்கத்தையும் எழுதினேன். குழாய்க்குப் பக்கத்தில் பலகையைக் குத்தி நிறுத்திவிட்டு, பெயின்ற் பட்ட கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு வந்தேன்.